சாந்திவனம்

கிறிஸ்தவ வழிபாட்டோடு இந்திய தியான மரபை இணைத்த ஆசிரமம்; கரூர் மாவட்டம் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் உள்ளது. 1950இல் பிரெஞ்சுக் குருக்கள் ஜூல் மோன்ஷனென், ஆன்ரி லெ சோ இருவரும் நிறுவினர். ரமண மகரிஷியை நேரில் தரிசித்த லெ சோ, அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்டு திருவண்ணாமலைக் குகைகளில் தியானத்தில் அமர்ந்தார். அத்வைத அனுபவத்தையும் தம் விசுவாசத்தையும் ஒருசேரப் பற்றிக்கொள்ள வாழ்நாளெல்லாம் போராடினார்; அந்தப் போராட்டத்தின் நேர்மையே இவ்விடத்தின் பெருமை. 1968இல் பொறுப்பேற்ற ஆங்கிலத் துறவி பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் வழிபாட்டில் உபநிடத வாசிப்பும் ஆரத்தியும் இடம்பெற்றன. காலையில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் இட்டுக்கொண்டனர். இவற்றுக்குக் கத்தோலிக்கர், இந்துக்கள் இரு தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. கிரிஃபித்ஸ் 1993இல் இங்கேயே காலமானார்.