விதானையாரின் கையொப்பமும் வொஷிங்டனின் விண்ணப்பப் படிவமும்

நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான காலத்தில் வறிய மாணவர்களுக்கு உதவிப்பணம் வழங்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. குடும்ப வருமானம் இவ்வளவுதான் என்று ஊர் விதானையார் அத்தாட்சிப்படுத்தினால்தான் அது கிடைக்கும். பதவியின் பெயர் கிராம சேவகர் என்று மாறிவிட்டிருந்த போதிலும் ஊரவர்களுக்கு அவர் விதானையார்தான். என்னுடன் படித்த நண்பர் ஒருவரின் தகப்பனாருக்கும் அவர்களது விதானையாருக்கும் இடையே வேலித் தகராறு இருந்தது. இரண்டு கதியால் தள்ளிப் போடப்பட்டதால் மூண்ட சண்டை அது. நண்பரின் குடும்பம் வசதியானது என்று விதானையார் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாம் ஆண்டு முழுவதும் அந்த நண்பர் பகலில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுப் படித்ததை நான் அருகிலிருந்து கண்டேன்.

இச்சம்பவம் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது அமெரிக்காவில். 2018 ஆம் ஆண்டின் இறுதியில் நியூ ஜேர்சியில் என் தமக்கையின் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மூத்த மகனின் பல்கலைக்கழக நிதியுதவிக்காக அவளும் கணவரும் சாப்பாட்டு மேசையில் வரிக் கணக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கணினி முன் அமர்ந்திருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். "மாமா, உப்புப்புளிக் கணக்கைத் தவிர மிச்சமெல்லாம் கேக்கிறாங்கள்" என்றாள். அங்கே விதானையார் இல்லை. அவருடைய இடத்தில் ஒரு படிவம் இருந்தது. விதானையார் எப்போது படிவமாக மாறினார் என்ற கேள்வி அன்றிரவே எனக்குள் எழுந்தது. பின்னர் வாசித்தறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்க மத்திய அரசு பெருமளவில் மாணவர்களுக்குப் பணம் வழங்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரின் முடிவுக் காலத்தில்தான். நாடு திரும்பும் படைவீரர்களுக்கான சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22 ஆம் திகதி கையொப்பமிட்டார். கல்விக் கட்டணமாக ஆண்டொன்றுக்கு 500 டொலர் வரையும், தனியாளுக்கு மாதம் 50 டொலர் வாழ்க்கைச் செலவும் வழங்கப்பட்டன. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் இதனால் கல்லூரிப் படிப்பைப் பெற்றனர். 1947 இல் கல்லூரிகளில் அனுமதி பெற்றோரில் 49 சதவீதமானோர் முன்னாள் படைவீரர்கள்.

இச்சட்டத்தின் வாசகங்களில் நிறவேறுபாடு எங்கும் இல்லை. ஆயினும், பிரதிநிதிகள் சபையில் இச்சட்டத்தை ஆராய்ந்த குழுவின் தலைவராக இருந்தவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஜோன் ரங்கின். கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கூடாது என்பதை ஒளிவுமறைவின்றிப் பேசியவர். நிர்வாகம் மாநிலங்களிடமும் உள்ளூர் அலுவலகங்களிடமும் இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதன் விளைவைத் தென் மாநிலங்களின் கறுப்பினப் படைவீரர்கள் அனுபவித்தனர். ஆலோசனை கூற அமர்த்தப்பட்டிருந்த வெள்ளையின அலுவலர்கள் அவர்களைக் கல்லூரிக்கு அல்லாமல் கைத்தொழிலுக்கு அனுப்பினர். கல்லூரிக்கே செல்வேன் என்று நின்றவர்களுக்கோ வெள்ளையினக் கல்லூரிகளின் கதவுகள் மூடியிருந்தன. கறுப்பினக் கல்லூரிகளில் போதிய இடமில்லை. ஐரோப்பாவிலும் பசுபிக்கிலும் போரிட்டு வந்தவனின் எதிர்காலத்தை அவனுடைய ஊரின் மேசையொன்று தீர்மானித்தது. எங்கள் விதானையாரின் வேலித் தகராறு இதன் முன் மிகச் சிறியது.

உள்ளூர் மனிதரின் விருப்புவெறுப்புக்கு மாற்று மருந்தாகக் கணக்குச் சூத்திரம் பின்னர் வந்தது. ஆனால் அது பிறந்த கதை வேறு. 1950களின் தொடக்கத்தில் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் கெட்டிக்கார மாணவர்களை இழுப்பதற்குப் புலமைப்பரிசில்களை ஏலம் கூறுவதுபோல் கூட்டிக்கொண்டிருந்தன. பணம் தேவையற்றவருக்கும் சென்றது. ஹார்வர்டில் நிதியுதவிக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் மன்றோ, குடும்ப வருமானம், சொத்து, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு பெற்றோரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைக் கணிக்கும் முறையொன்றை வகுத்தார். அதன் அடிப்படையில் 1954 இல் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான சேவையொன்று நிறுவப்பட்டது. ஒரே குடும்பம் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் ஒரே அளவுகோல் என்பதே எண்ணம். இன்றைய படிவங்கள் யாவற்றுக்கும் மூதாதை அதுதான்.

மன்றோவைப் பற்றி மேலும் ஒன்று சொல்லாமல் செல்ல மனமில்லை. மாணவப் பருவத்தில் பத்திரிகை நடத்தியவர் என்பதால் எமது தொழிலுக்கும் அவர் உறவினர்தான். பின்னர் ஹார்வர்ட் கல்லூரியின் பீடாதிபதியாக உயர்ந்த அவர், 1967 இல் அப்பதவியைத் துறந்து, அலபாமாவின் பேர்மிங்ஹாமில் மைல்ஸ் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் முதலாண்டு மாணவருக்குப் பாடம் கற்பிக்கச் சென்றார். தேவையைச் சூத்திரமாக எழுதியவர், தேவையுள்ளவர்கள் இருந்த இடத்துக்குத் தாமே சென்றுவிட்டார். அவர் ஏன் அங்கு சென்றார் என்பதை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

இதற்கிடையில், 1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியது. திகைத்துப்போன வொஷிங்டன் மறு ஆண்டே தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றி, மாணவருக்குக் கடன் வழங்க முன்வந்தது. கடன் பெறுபவர் அரசாங்கத்தைக் கவிழ்க்கும் கொள்கையை ஆதரிக்கவில்லை என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஹார்வர்ட், யேல் உட்படப் பல நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகிக்கொண்டன. 1962 இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஏழ்மையை நிரூபிப்பதோடு விசுவாசத்தையும் நிரூபிக்கச் சொன்ன காலம் அது.

லிண்டன் ஜோன்சன் தாம் படித்த ரெக்சாஸ் கல்லூரிக்கே சென்று 1965 நவம்பர் 8 ஆம் திகதி உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பணமில்லாததால் படிப்பை இடையில் நிறுத்தி, கொற்றுல்லா என்ற ஊரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். 1972 இல், றோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் முயற்சியால், கல்லூரியின் தயவில் அல்லாது மாணவரின் உரிமையாகவே அமையும் மானியம் உருவானது. 1980 இல் அதற்குப் பெல்லின் பெயரே சூட்டப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் அதன் உச்சத் தொகை அரச பல்கலைக்கழகமொன்றின் மொத்தச் செலவில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலாக இருந்தது. 2024-25 கல்வியாண்டில் உச்சத் தொகை 7,395 டொலர். அது செலவின் மூன்றிலொரு பங்கையும் எட்டவில்லை. மீதி இடைவெளியைக் கடன் நிரப்பியது. மத்திய அரசுக்கான மாணவர் கடன் 1.6 ட்ரில்லியன் டொலரைக் கடந்த கதை பலரும் எழுதியது.

எவரும் அதிகம் எழுதாதது படிவத்தின் கதை. 1992 இல் கொங்கிரஸ் 'ஃபாஃப்சா' எனப்படும் பொது விண்ணப்பத்தை உருவாக்கியது. அப்பெயரின் முதற்சொல் 'இலவசம்' என்பதாகும். அதற்கு முன்னர், உதவி கேட்பதற்கே குடும்பங்கள் தனியார் சேவைகளுக்குக் கட்டணம் செலுத்தி வந்தன. படிவம் இலவசமானது; ஆனால் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. ஒவ்வொரு கேள்வியும் ஏதோவொரு அநீதியைத் தடுக்கவே சேர்க்கப்பட்டது. எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது, யாருக்காக அது எழுதப்பட்டதோ அவர்களே அதனைக் கண்டு பின்வாங்கினர்.

இதனை ஒரு பரிசோதனை துலக்கமாகக் காட்டியது. 2008 இல் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும், வரிக் கணக்கை நிரப்பிக்கொள்ள வந்த குறைந்த வருமானக் குடும்பங்களை ஆய்வாளர்கள் தெரிவுசெய்தனர். வரி அலுவலரே, ஏற்கனவே கையிலிருந்த விபரங்களைக் கொண்டு, பத்து நிமிடமளவில் நிதியுதவிப் படிவத்தையும் நிரப்ப உதவினார். அவ்வீடுகளின் உயர்தர மாணவர்கள் கல்லூரி செல்லும் வீதம் 34 இலிருந்து 42 ஆக உயர்ந்தது. வேறொரு பிரிவினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவல் மட்டும் வழங்கப்பட்டது. அவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பத்து நிமிடம் அருகில் அமர்ந்த மனிதர் செய்ததைத் தகவல் செய்யவில்லை.

செனட்டர் லமார் அலெக்சாண்டர் நூற்றெட்டுக் கேள்விகள் கொண்ட அந்தப் படிவத்தை மடிப்பு மடிப்பாக விரித்துத் தூக்கிக் காட்டிச் சபையில் பேசுவது வழக்கம். அவர் ஓய்வுபெறும் தறுவாயில், 2020 டிசம்பரில், படிவத்தைச் சுருக்கும் சட்டம் நிறைவேறியது. கேள்விகள் ஏறத்தாழ 36 ஆகக் குறையும்; வரி விபரம் வரித் திணைக்களத்திலிருந்து நேரடியாக வரும்; மேலும் பலருக்குப் பெல் மானியம் கிட்டும். நோக்கம் குறைசொல்ல முடியாதது.

நிறைவேற்றிய விதம்தான் வேறு. வழமையாக ஒக்டோபரில் திறக்கப்படும் படிவம் 2023 டிசம்பர் 30 ஆம் திகதிதான் திறக்கப்பட்டது. முதல் நாட்களில் சிறிது நேரம் திறந்து மூடப்பட்டது. விண்ணப்பதாரரின் விபரங்கள் கல்லூரிகளைச் சென்றடையத் தொடங்கியபோது 2024 மார்ச் நடுப்பகுதி ஆகிவிட்டது. முதல் ஐந்து மாதங்களில் உதவி நிலையத்துக்கு வந்த 54 இலட்சம் தொலைபேசி அழைப்புகளில் நான்கில் மூன்று பங்களவு பதிலின்றிப் போனதாக அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் பின்னர் அறிக்கையிட்டது.

இவற்றுள் என்னை மிகவும் உறுத்தியது ஒன்று. சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாத பெற்றோரால் நீண்ட நாட்களுக்குப் படிவத்தில் தமது பகுதியை நிரப்பவே முடியவில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை முழு உரிமையுள்ள பிரஜை. ஆனால் தாயின் இலக்கம் எங்கே என்று கணினி கேட்டு நின்றுவிட்டது. ஆவணமற்றோர் மட்டும் இதனால் பாதிக்கப்படவில்லை. கணவரின் தொழில் விசாவில் தங்கியிருந்து, வேலை செய்ய அனுமதியில்லாத மனைவியருக்கும் அந்த இலக்கம் கிடையாது. அத்தகைய தமிழ்த் தாய்மார் அங்கு பலர். வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ பெற்றோர் இருக்க, தான் மட்டும் நிரந்தர வதிவிடம் பெற்ற மாணவரின் நிலையும் அதுவே. நிறம் பார்த்த அலுவலரை அகற்றுவதற்கு வந்த இயந்திரம், தன்னையறியாமலே ஒரு வேலியைப் போட்டது.

2024 நவம்பர் 21 ஆம் திகதி அடுத்த ஆண்டுப் படிவம் பல கட்டப் பரீட்சார்த்தங்களின் பின் ஒழுங்காகத் திறக்கப்பட்டது. 2026-27 க்குரியது 2025 செப்டெம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குள் வேறு மாற்றங்கள் தொடங்கியிருந்தன. 2025 மார்ச்சில் கல்வித் திணைக்களத்தின் சுமார் 4,100 பணியாளர்களைச் சுமார் 2,200 ஆகக் குறைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. அதே மாதம் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டம், பட்டப்பின்படிப்பு மாணவர் செலவு முழுவதையும் கடனாகப் பெறும் திட்டத்தைப் புதியவர்களுக்கு 2026 ஜூலை முதல் நிறுத்தியது. பெற்றோர் பெறும் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு 65,000 டொலர் என்ற எல்லை விதிக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றையும் மாணவருக்கு விளக்க வேண்டியவர் கல்லூரியின் நிதியுதவி அலுவலர். போலி மாணவர்களின் பெயரில் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகியதால், 2025 ஜூனிலிருந்து சந்தேகத்துக்குரிய விண்ணப்பதாரரின் அடையாள அட்டையை நேரில் பார்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

அந்த அலுவலரைப் பற்றி வாசகர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சூத்திரம் தரும் விடையை மாற்றும் அதிகாரத்தைச் சட்டமே அவருக்கு வழங்கியுள்ளது. தகப்பன் வேலை இழந்தாலோ, குடும்பத்தில் ஒருவர் இறந்தாலோ, நோய்ச் செலவு மிகுந்தாலோ, ஆதாரங்களைப் பார்த்து வருமானத்தைத் திருத்தலாம். அவர் மறுத்தால் கல்வித் திணைக்களத்துக்கு மேன்முறையீடு செய்ய வழியில்லை. எழுபது ஆண்டுச் சூத்திரங்களின் முடிவில் மேசையும் அதன் பின்னால் ஒரு மனிதரும் அப்படியே இருக்கின்றனர். இத்தகைய கோரிக்கைகள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிராகரிக்கும் கொள்கையைக் கல்லூரிகள் வைத்திருக்கக் கூடாது என்று 2020 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியமை, படிவத்தைச் சுருக்கியதைவிடப் பெரிய காரியம் என்பது என் எண்ணம். அந்த உரிமை இருப்பதே பல தமிழ்ப் பெற்றோருக்குத் தெரியாது.

மருமகளின் இளைய மகள் 2026 இல் பல்கலைக்கழகம் செல்லும் வயதினள். புதிய படிவம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாள். ஆனால் படிவம் எடுத்துக்கொள்வது 2024 ஆம் ஆண்டு வருமானத்தை. அவளுடைய கணவரின் வேலை 2025 இல் போய்விட்டது. ஆகவே நிதியுதவி அலுவலருக்குக் கடிதம் எழுதி, வேலைநீக்கக் கடிதத்தையும் வங்கிக் கணக்கையும் இணைத்து அனுப்பியிருக்கிறாள்.

"ஆருக்குப் பிள்ளை எழுதினனீ? தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா, பேர் மட்டும்தான் தெரியும். மூண்டு கிழமையிலை பதில் வருமாம்."