பல்லாவரம் சந்தையில் மடக்குக் கேமரா

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்பார்கள். இன்று பழைய டிரங்க் ரோடு நெடுகச் செடி, கோழி, தையல் மிஷின், கழற்றிப்போட்ட மின்விசிறி எல்லாம் கிடைக்கும். 1985 மே மாதம் சென்னை மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு, பழைய கேமரா தேடும் எங்களுக்குத் தெற்குப் பக்கத்தில் இந்தச் சந்தைதான் கதி. ஆக்ஃபா ஐசொலெட், ஜைஸ் ஐகான் நெட்டார் என்று ஜெர்மன் மடக்குக் கேமராக்கள் இங்கே இன்னும் தலைகாட்டுகின்றன. வாங்குகிறவர்களில் பலர் ஷோகேஸில் வைக்கத்தான் வாங்குகிறார்கள். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த எனக்கு அது பொறுக்காது.

1950களில் வந்த நெட்டாரைக் கையில் எடுங்கள். மேல்தகட்டுப் பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, பெல்லோஸ் விரிந்து, இரு பக்கக் கம்பிகளும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். ஷட்டரின் விளிம்பில் ஒரு சின்ன லீவர். அதை இழுத்து முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகும் படம் எடுக்கும் பொத்தான் சில நேரம் இறங்காது. ரிப்பேர் என்று பலர் கீழே வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். ரிப்பேரே இல்லை. ஃபிலிம் சுற்றும் குமிழோடு ஒரு பூட்டு இணைந்திருக்கிறது. குமிழைத் திருப்பினால்தான் பொத்தானை விடும். 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள்தான். கல்யாணப் பெண்ணும் கோயில் கோபுரமும் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் காத்தது நகத்தளவு தகடு.

அதே கேமராவில் இரண்டு சிவப்புப் புள்ளிகளையும் பாருங்கள். தூரம் காட்டும் வளையத்தில் ஒன்று, அப்பெர்ச்சர் அளவில் 8-க்கும் 11-க்கும் நடுவே இன்னொன்று. இரண்டையும் குறிக்கு நேரே வைத்துவிட்டால், சுமார் 16 அடிக்கு அப்பால் நிற்பதெல்லாம் தெளிவாக விழும். கணக்குத் தெரியாதவரும் நல்ல வெயிலில் குரூப் போட்டோ எடுத்துவிடலாம். எவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்கள்!

இந்தக் கேமராக்கள் நம் ஊரில் இவ்வளவு காலம் உழைத்ததற்குக் காரணம் உண்டு. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதி இறுகியது. பரோடாவின் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த ஆக்ஃபா கிளிக் III வீடுகளுக்குப் போனது. ஆனால் அது வெயில், மேகம் என்று குறி போட்ட எளிய கேமரா. ஷட்டர் வேகத்தையும் தூரத்தையும் தானே வைத்து எடுக்க விரும்பியவர், இருந்த ஜெர்மன் கேமராவையே தட்டிக்கொட்டி ஓட்டினார். ஃபிலிம் அளவும் தடையாக இல்லை. 120 ரோல் 1901-லிருந்து அளவு மாறாதது. 1967-ல் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ ஃபிலிமை விற்றபோது, முப்பது வருஷப் பழைய கேமராவிலும் அது அப்படியே உட்கார்ந்தது.

ஓட்டிய கைகளின் தடம் பாகங்களில் இருக்கிறது. பெல்லோஸின் மடிப்பு மூலைகளில்தான் முதலில் ஊசித்துளை விழும். பங்க்சர் சொல்யூஷனும் கறுப்புத் துணியும் வைத்து ஒட்டியவை நிறைய. ஆட்டுத்தோலை மெல்லிசாகச் சீவி ஒட்டிய ஒரு நெட்டார் என்னிடம் இருக்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் தொழிற்சாலை. தோல் தெரிந்த கைகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. கைக்கடிகாரத் திருகாணி போட்ட கீலையும் பார்த்திருக்கிறேன். யாரென்று தெரியாத அந்த மெக்கானிக்குகள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஐசொலெட்டின் முன் லென்ஸ் வளையம் திரும்பவில்லையென்றால் குறடு போடாதீர்கள். உள்ளே இருக்கும் பச்சை கிரீஸ் வருஷக்கணக்கில் பிசினாக இறுகியிருக்கும். மரையில் லைட்டர் பெட்ரோல் துளித்துளியாக விட்டு, இரவு முழுக்க ஊற வையுங்கள். பெட்ரோல் முழுக்க உலர்ந்த பிறகு லேசாகச் சூடு காட்டினால் பெரும்பாலும் இளகும். செல்ஃப் டைமர் லீவரை மட்டும் தொடவே வேண்டாம். பழைய ஷட்டர் அதில் பாதியில் நின்றுவிட்டால் முழுவதும் கழற்ற வேண்டிவரும். வாங்கும்போது பின்கதவைத் திறந்து காலி ஸ்பூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரைத் தேடித் தரச் சொல்லுங்கள். புது ரோலைச் சுற்றி ஏற்ற அது வேண்டும்.