பேய்ப்பட முத்திரையும் வரலாற்று உண்மையும்

வரலாறு சந்தைக்கு வரும்போது அதன் மீது எந்த முத்திரை குத்தப்படுகின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஹொலிவூட்டின் ஆர். கே. ஓ. நிறுவனம் 1945இல் வெளியிட்ட 'தி பொடி ஸ்னாச்சர்' (பிணந்திருடி) என்னும் படம் இதற்குத் தக்க சான்றாகும். பொரிஸ் கார்லொவ், பெலா லுகோசி என்னும் பெயர்களைக் காட்டி அது பேய்ப்படமாகவே விற்கப்பட்டது. ஆனால் அதன் கதைக்களமோ 1831ஆம் ஆண்டின் எடின்பரோ நகரம். அதன் பின்னணியோ உண்மை வரலாறு.

அந்நகரின் உடற்கூற்றுக் கல்லூரிகளுக்குப் பிணங்கள் தேவைப்பட்டன. சட்டப்படி கிடைத்த உடல்கள் போதவில்லை. எனவே கல்லறைகள் தோண்டப்பட்டன. 1828இல் பேர்க், ஹெயர் என்னும் ஐரிஷ் கூலிகள் இருவர் 16 பேரைக் கொன்று வைத்தியர் ரொபேட் நொக்ஸுக்கு விற்றனர். இறந்தோரிற் பெரும்பாலோர் ஏழைகள். பேர்க் 1829இல் தூக்கிலிடப்பட்டான். ஹெயர் அரசதரப்புச் சாட்சியாகித் தப்பினான். பிணங்களை வாங்கிய வைத்தியர் மீது வழக்கே இல்லை. 1832இல் வந்த சட்டம், உரிமை கோருவாரற்றோரின் உடல்களைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டது. ஏழை விடுதியில் மடிந்த அநாதையே இனி அவற்றின் 'பொருள்' ஆனான்!

படம் இவ்வுண்மையை முற்றாக மறைக்கவில்லை. பிணம் கொணரும் வண்டிக்காரனையும் அதனை வாங்கும் கனவான் வைத்தியரையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைத்தே காட்டுகின்றது. விளம்பரமோ வண்டிக்காரனாக நடித்த கார்லொவின் முகத்தைப் பூதமாக்கிற்று. விற்றவன் அரக்கன், வாங்கியவர் யார் என்ற வினா எழவில்லை.

1946இல் வந்த 'பெட்லம்' படத்தின் கதியும் இத்தகையதே. 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் சித்தம் கலங்கியோரைக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்த கொடுமையை அது காட்டிற்று. பிரித்தானியத் தணிக்கையாளர் அதனைத் திரையிடவே அனுமதிக்கவில்லை.

கொட்டகலையில் வாழும் நமக்கு இஃது அந்நியக் கதையன்று. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நம் முன்னோருட் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். 2023இல் அவர்கள் நினைவாக அப்பாதையிற் பலர் மீண்டும் நடந்தனர். ஆயினும் நம்மவர் சொல்லும் கதைகளிற் கொடியவன் பெரும்பாலும் கங்காணியே. துண்டுக் கடனால் தொழிலாளரைக் கட்டிய முறை 1921இற் சட்டத்தால் ஒழிந்தது. அதனால் இலாபம் கண்ட கொம்பனியோ கதைக்குள் வருவதேயில்லை.

கங்காணியின் கொடுமை பொய்யன்று. எனினும் அவனை மட்டும் பூதமாக்குவோமாயின், நாமும் அந்த விளம்பரக்காரரின் வேலையையே செய்தவராவோம். நம் மாணவர் கேட்கப் பழகவேண்டிய வினா ஒன்றுண்டு: வாங்கியவர் யார்?