நெடுந்தீவின் கற்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பாக்கு நீரிணையிற் பரந்து கிடக்கும் தீவுகளுள், மக்கள் குடியிருக்கும் கடைசித் தீவு நெடுந்தீவு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகேறுவோர் ஏறக்குறைய ஒருமணி நேரம் கடலைக் கடந்தே இதனை அடைதல் வேண்டும். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவில் மலையுமில்லை, ஆறுமில்லை. கடல்மட்டத்தினின்றும் சில அடிகளே உயர்ந்த சமதரை, பனங்கூடல், அதற்கப்பால் வெட்டவெளியான புற்றரை. பழமையைக் காணவேண்டி வருவோர் இங்கே பெருங்கோபுரங்களையோ சிற்ப மண்டபங்களையோ எதிர்பார்த்தல் ஆகாது. இத்தீவின் வரலாறு கல்லில் உள்ளது. அதுவும் செதுக்கிய கல்லிலன்று, கடல் தந்த முருகைக் கல்லில்.

படகு சென்றடையும் மாவிலித்துறையிலேயே முதல் நினைவுச் சின்னம் நிற்கின்றது. அது பழையதன்று. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி குமுதினி என்னும் பயணிகள் படகிற் சென்றுகொண்டிருந்த மக்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களுக்காக எழுப்பப்பட்டதே அச்சின்னம். தீவுக்குட் செல்வோரும் தீவினின்றும் வெளியேறுவோரும் அதனைக் கடந்தே செல்கின்றனர்.

துறையை விட்டு உள்ளே நடந்தால் இருமருங்கும் கண்ணிற்படுவன கல்வேலிகள். குடாநாட்டிற் பனையோலையாலும் கிடுகாலும் வேலி அடைத்தல் வழக்கம். நெடுந்தீவிலோ வளவுக்கு வளவு, தோட்டத்துக்குத் தோட்டம், முருகைக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எல்லையிட்டுள்ளனர். சுண்ணாம்பில்லை, சாந்தில்லை. ஒரு கல்லின் முனை மற்றக் கல்லின் பள்ளத்திற் பொருந்துமாறு கைப்பழக்கத்தால் அமைத்த வேலை. இடைவெளிகளினூடே காற்றுப் புகுந்து செல்வதாற் சோளகக் காற்றின் வேகத்துக்கும் அவை ஈடுகொடுக்கின்றன. மேல்மண் சொற்பமாகவும் கல் மிகுதியாகவும் உள்ள தரையிற் பயிரிட விரும்பியவன் முதலிற் செய்யவேண்டியது கல்லைப் பொறுக்குதலே. பொறுக்கிய கல் வேலியாயிற்று. வேலி ஆட்டையும் மாட்டையும் பயிருக்குள் வராது தடுத்தது. இவ்வேலிகளைக் கட்டியவர் எவருடைய பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் தீவின் கட்டிடங்கள் யாவற்றினும் மிகுந்த உழைப்பு இவற்றிலேதான் அடங்கியுள்ளது எனல் மிகையாகாது.

அதே கல்லைச் சுண்ணாம்புச் சாந்திட்டு உயர்த்தினால் அது கோட்டை. வைத்தியசாலைக்கு அண்மையிற் சிதைந்து நிற்கும் கோட்டை போர்த்துக்கேயரால் அமைக்கப்பட்டதென்பர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள் இத்தீவைப் பசுக்களின் தீவு என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். மேய்ச்சற்றரையே அவர்கள் கண்ணுக்குப் பட்டது போலும். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. அவற்றுள் மக்கள் வழக்கில் ஊன்றி நின்றது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே. ஆங்கிலத்தில் இன்றும் தீவு அப்பெயராலேயே அறியப்படுகின்றது.

தீவு மக்களோ இக்கோட்டையை மீகாமன் கோட்டை என்று சொல்லி வந்துள்ளனர். மீகாமன் என்பவன் கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடி வந்து, வெடியரசன் என்னும் மன்னனோடு பொருதவனாகக் கதைகள் கூறும். மட்டக்களப்பில் வழங்கும் கண்ணகி வழக்குரையிலும் இப்போர் பேசப்படுகின்றது. பறங்கியர் கட்டிய கோட்டைக்குத் தமிழ்க் கதைத் தலைவன் ஒருவன் உரிமையாளனானமை நகைப்புக்குரியதன்று. கோட்டையில் இருந்தவர்கள் போய்விட்டனர். கதை சொல்பவர்கள் ஊரிலேயே இருந்தனர். எஞ்சிய சுவரைத் தமதாக்கிக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்த வழி அதுவே.

வெடியரசன் பெயரால் மற்றோரிடம் தீவின் மேற்குப் பகுதியில் உண்டு. வெடியரசன் கோட்டை என்று மக்கள் சுட்டும் அவ்விடத்திற் காணப்படுவன முருகைக் கல்லாலான சிறு தூபிகளின் அடித்தளங்கள். பௌத்தம் தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடபாலும் தமிழ் பேசுவோர் நடுவே செல்வாக்குற்றிருந்த காலம் ஒன்றுண்டு. இவ்விடத்தைக் காண வருவோர் அதனை மனத்திற் கொள்ளல் நன்று. ஒரு சாராருக்கே உரிய சொத்தாக இச்சின்னத்தைப் பார்ப்பவர், அவர் எச்சாராராயினும், அதன் வரலாற்றிற் பாதியை இழந்தவரே.

கோட்டைக்கு வெகு தொலைவிலன்றி ஒரு புறாக்கூடு நிற்கின்றது. தூண்போன்ற அடியின்மேற் சதுரமாக எழுப்பப்பட்டு, வரிசை வரிசையாகச் சிறு மாடங்கள் வைத்துக் கட்டிய கூடு அது. கடல் கொந்தளிக்குங் காலத்திற் செய்தி போக்கப் புறாக்கள் வளர்க்கப்பட்டன என்பது வழிவழிச் செய்தி. இன்றைக்குப் பார்ப்பவர் ஒளிப்படம் பிடித்துக்கொண்டு அப்பாற் செல்கின்றனர்.

நெடுந்தீவுக்குப் புகழ் தேடித்தந்தவை மட்டக்குதிரைகள். ஐரோப்பியர் இங்கே குதிரை வளர்த்தனர் என்பதற்குச் சான்றாக, லாயத்தின் கற்றூண்கள் வரிசையாக இன்றும் நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்னும் ஐரிஷ் படையதிகாரி இவ்வளர்ப்பின் மேற்பார்வையாளனாயிருந்து ஒரு சிற்றரசனைப் போலத் தீவை நடத்தினான். பின்னர் வளர்ப்புக் கைவிடப்பட்டது. குதிரைகள் கட்டவிழ்ந்து புற்றரையிற் பெருகின. 2015இல் அம்மேய்ச்சல் நிலம் உள்ளிட்ட ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

எனினும் இக்கடலுக்குக் குதிரை புதிதன்று. அயலிலுள்ள நயினாதீவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலங்கள் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கு என அது விதிக்கின்றது. குதிரை கொண்டுவருவோனுக்குச் சலுகை காட்டவேண்டிய தேவை அரசனுக்கு இருந்தது. போர்த்துக்கேயக் கப்பல் இப்பக்கம் தலைகாட்டுவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஊர்காவற்றுறைக் கடலிற் குதிரைகள் வந்திறங்கின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குதிரைக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் பொதுவான கவலை தண்ணீர். மாரியிற் பெய்யும் மழை சுண்ணக் கல்லினூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அளவோடு இறைத்தால் நன்னீர். ஆசைப்பட்டு இறைத்தால் உவர். ஆகவே நல்ல கிணறுள்ள இடமே தீவில் மதிப்புள்ள இடம். சாறாப்பிட்டிக் கிணறுகள் குதிரைகளுக்கு நீரூட்டிய காலம் தொட்டுப் பெயர் பெற்றவை. வந்தேறிய ஆட்சியாளர் எவராயினும் இக்கிணறுகளின் கணக்கை மீறி இங்கே வாழ இயலவில்லை. கோட்டையைப் பார்க்கச் செல்வோருட் பலர் கிணற்றைப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டிய வரிசை மாறிவிட்டது.

உட்குழிந்த அடிமரத்துக்குள் ஆட்கள் புகுந்து நிற்கத்தக்க பெருக்கமரம் ஒன்றும் இங்குண்டு. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்திருக்கலாம் என்று கருதுவர். தென்கரையோரம் கடலோடிகளுக்கு அடையாளமாக எழுப்பிய வெண்ணிறக் கோபுரம் உண்டு. நேரமுள்ளோர் இவற்றையும் கண்டு திரும்பலாம்.

நேரமில்லாதோர் கல்வேலிகளையாவது நின்று பார்த்தல் வேண்டும். கோட்டைச் சுவரைக் காக்கத் தொல்பொருட் டிணைக்களம் உண்டு. சாந்திடாத வேலியைக் காப்பது அதன் அருகிற் குடியிருப்பவனின் கை ஒன்றே. சரிந்த கல்லை அவ்வப்போது எடுத்து வைத்தால் நிற்கும், வைக்காவிடில் நிலத்தோடு நிலமாகும். தண்ணீரும் நிலமும் தேடி வன்னிக்குச் சென்றவரும், பின்னர் போரினாற் கடல்கடந்து போனவரும் பலர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகளில் வேலிகள் இடையிடையே சரிந்து கிடக்கின்றன. அவ்விடைவெளிகளினூடே மாடுகள் உள்ளே சென்று, கூரையில்லா வீட்டின் முற்றத்திற் புல் மேய்கின்றன.