ஈற்றின்மேல் எழுந்த வழக்கு: அரபு வினையின் மூன்று நிலைகள்

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அரபு இலக்கணத்திற்கு என்ன இடம் என அன்பர்கள் வினவக்கூடும். விடை எளிது. அரபு இலக்கணத்தின் முதற்பெருநூலான சீபவைஹியின் 'கிதாப்' ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களைச் சான்று காட்டுகிறது. அந்நூலாசிரியரின் ஆசான் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. செய்யுளின் செவியே அங்கு இலக்கணத்தின் செவியாகவும் இருந்தது. அந்தச் செவி நெடுநாள் உற்றுக் கேட்டது சொல்லின் கடைசி ஒலியை.

அரபு இலக்கண ஆசிரியர்கள் வழிவழியாகக் காட்டிவரும் எடுத்துக்காட்டொன்று உண்டு: 'லா தஃகுலிஸ் ஸமக வ தஷ்ரபில் லபன'. மீன், பால், உண்ணல், பருகல் என நான்கு சொற்கள். தலையில் ஒரு விலக்கு. 'தஷ்ரபில்' என்று ஒலித்தால், மீனையும் உண்ணாதே, பாலையும் பருகாதே என்று பொருள். 'தஷ்ரபல்' என்றால், மீனுண்ணும்போது உடன் பாலைப் பருகாதே. தனித்தனியே கொள்வதற்குத் தடையில்லை. 'தஷ்ரபுல்' என்றால், மீனை உண்ணாதே, பாலைப் பருகிக்கொள்ளலாம். இகரம், அகரம், உகரம் எனக் குறில் ஒன்று மாற, விருந்தாளியின் இலையே மாறிவிடுகிறது! அரபு எழுத்திலோ இக்குறில்கள் வழக்கமாக எழுதப்படுவதில்லை. படிப்பவரே பொருளுணர்ந்து ஒலிக்க வேண்டும். பிழையாக ஒலித்தால் மறைநூலின் பொருளே திரியும் என்னும் அச்சந்தான் அந்த இலக்கணத்தைப் பிறப்பித்தது என அரபு மரபு சொல்லும். உயிர்க்குறிகளின் இன்றைய வடிவம் கலீல் அமைத்தது என்பதும் அம்மரபே.

புதிதாகக் கற்போர் அறிய வேண்டிய அடிப்படை இவ்வளவே. 'எழுதுகிறான், எழுதுவான்' எனப் பொருள்படும் 'யக்துபு' என்னும் வினை உகரத்தில் முடிவது 'ரஃபு' நிலை. 'அன்', 'லன்' போன்ற இடைச்சொற்கள் முன்வரின் 'யக்துப' என அகரத்தில் முடியும், இது 'நஸ்பு'. 'லம்' போன்றவை முன்வரின் ஈற்றுயிர் நீங்கி 'யக்துப்' என நிற்கும், இது 'ஜஸ்மு'. மேற்காட்டிய தொடரில் ஜஸ்மு நிலையில் வந்த இகரம் வினையின் ஈறன்று. இரண்டு மெய்கள் மோதாதிருக்க இடையில் வந்த ஒலித்துணை. பன்மையில் 'யக்துபூன' என்பது பின்னிரு நிலைகளிலும் கடைசி நகரத்தை இழந்து 'யக்துபூ' ஆகும். பெண்பாற் பன்மையான 'யக்துப்ன' மட்டும் எதற்கும் அசையாது.

நம் போன்றோர் நின்று நோக்கத்தக்கது இனிமேல்தான் உள்ளது. ரஃபு, நஸ்பு என்பன வினைக்கென்றே பிறந்த பெயர்களல்ல. பெயர்ச்சொல்லின் எழுவாய் நிலைக்கும் செயப்படுபொருள் நிலைக்கும் உரிய பெயர்களும் அவையே. 'ஜர்ரு' பெயருக்கு மட்டும் உரியது. 'ஜஸ்மு' வினைக்கு மட்டும் உரியது. முன்னைய இரண்டும் இரண்டிற்கும் பொது. வேற்றுமை கொள்ளாமையையே வினையின் இலக்கணமாக வகுத்த தொல்காப்பியரைப் பயின்ற நமக்கு இது வியப்பளிக்கும். பெயருக்குரிய ஈற்றுமாற்றம் வினைக்கு எவ்வாறு வந்தது? அரபு ஆசிரியர்களின் விடை அந்த வினையின் பெயரிலேயே உள்ளது. அதனை 'முளாரிஉ' என்றனர். ஒத்திருப்பது என்பது அச்சொல்லின் பொருள். (ரமளான் என எழுதுவதுபோல் அந்த அரபு எழுத்தை ளகரத்தால் குறிப்பது தமிழ் முஸ்லிம்களின் வழக்கம், அதனையே ஈண்டும் கொண்டேன்.) பெயரை ஒத்திருத்தலால் பெயரின் உரிமையில் இவ்வினைக்கும் பங்கு கிடைத்தது என்பது கருத்து. 'மனிதன்' என்னும் பொதுப்பெயர் சுட்டிடைச்சொல் சேர்ந்து ஒருவனைக் குறிப்பதுபோல, நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவான இவ்வினை 'ஸவ்ஃப' என்னும் சொல் சேர்ந்து எதிர்காலத்தை மட்டும் குறிக்கும். பெயரின்முன் அழுத்தங்காட்ட வரும் லகரம் இதன் முன்னும் வரும். யாப்பறிந்தோர் மகிழத்தக்கது இன்னொன்று: 'யக்துபு' என்பதையும் 'எழுதுபவன்' எனப் பொருள்படும் 'காதிபு' என்பதையும் அரபு முறைப்படி அலகிட்டுப் பாருங்கள். இயங்கும் எழுத்து, நிற்கும் எழுத்து, மீண்டும் இயங்கும் எழுத்துகள் இரண்டு. இரண்டிலும் ஒரே அடுக்கு. வினையைப் பெயரோடு உறவாட வைத்த சான்றுகளுள் ஒன்று ஓசை!

எனினும் 'யக்துபு' ஏன் உகரம் ஏற்கிறது என்பதில் பஸ்ராவும் கூஃபாவும் மாறுபட்டன. ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் படைவீடுகளாகத் தோன்றி அறிவுநகரங்களாக வளர்ந்த ஈராக்கிய ஊர்கள் இவை. பெயர் நிற்கக்கூடிய இடத்தில் நிற்பதால் வினை ரஃபு ஆகிறது என்றது பஸ்ரா. முன்னொட்டாக வரும் யகரம், தகரம் முதலியனவே காரணம் என்றார் கூஃபாவின் கிஸாயீ. அம்முன்னொட்டுகள் நஸ்பிலும் ஜஸ்மிலும் அப்படியே இருக்கின்றனவே, அங்கு உகரம் எங்கே போயிற்று என்ற வினாவுக்கு அவர் கொள்கை நிற்கவில்லை. 822இல் மறைந்த ஃபர்ராஉ வேறு வழி கண்டார்: ஈற்றை மாற்றும் இடைச்சொல் எதுவும் முன்னில்லாமையே ரஃபுக்குக் காரணம். இவ்வழக்கினை 1181இல் மறைந்த இப்னுல் அன்பாரி, இரு பள்ளிகளின் 120க்கு மேற்பட்ட கருத்து மோதல்களைத் தொகுத்த நூலில் பதிவு செய்து, பெரும்பாலானவற்றில் பஸ்ராவுக்கே தீர்ப்பளித்தார். ஆயினும் இவ்வொன்றில் காலம் கூஃபாவின் பக்கம் நின்றது. இலக்கணத்தை ஆயிரம் செய்யுளில் பாடிய இப்னு மாலிக்கும் ஃபர்ராஉவின் விடையையே கொண்டார்; அரபுப் பள்ளிச் சிறுவர் இன்றும் ஒப்பிக்கும் விளக்கமும் அதுவே.

ஆசானை மறுத்தலும் இந்த வரலாற்றில் உண்டு. 'லன்' என்பது 'லா', 'அன்' என்னும் இரண்டும் குறுகியது என்பது கலீலின் கருத்து. அதனை மதிப்புடன் எடுத்துரைத்த சீபவைஹி, உடனே ஒரு தடையையும் வைக்கிறார். 'அன்' என்பதன் பின்வரும் வினைக்குரிய செயப்படுபொருளை அதற்கு முன்னால் வைத்தல் இயலாது. 'லன்' என்பதற்கு முன்னாலோ வைக்கலாம். அதனுள் 'அன்' இருந்திருப்பின் இது எங்ஙனம் கூடும்? பாரசீக நாட்டிலிருந்து வந்து அரபு கற்ற இளைஞர், அரபுச் சொற்களையே அகராதிப்படுத்தத் தொடங்கியவரை மறுத்த இடம் இது. பணிவும் துணிவும் ஒருங்கே அமைந்த இப்பகுதி நம் ஆய்வாளர்க்கும் பாடமாகும் என்பேன்.

மீன் தொடரின் 'தஷ்ரபல்' மற்றொரு சிக்கலை எழுப்பியது. அகரம் வந்திருக்கிறது, அதற்குரிய இடைச்சொல் எங்கே? 'அன்' அங்கே மறைந்து நிற்கிறது என்றனர் பஸ்ராவார். முன்வினையின் வழியிலிருந்து பின்வினை திருப்பப்பட்டதே காரணம் என்றனர் கூஃபாவார். இத்தகைய தொகைகளும் மறைவுகளும் பெருகிப் பெருகி, பேசியவன் நினையாததையெல்லாம் அவன் வாயில் வைக்கும் நிலை வந்தது. இதனை எதிர்த்து எழுந்தவர் கொர்தோபா நகரத்து இப்னு மளாஉ. முவஹ்ஹிதூன் அரசில் தலைமைக் காளியாக இருந்து 1196இல் மறைந்த அவர், சான்றின்றி ஒருவர் பேச்சில் சொல்லைக் கூட்டுதல் தகாது, அதிலும் இறைமொழியில் கூட்டுதல் ஒருபோதும் தகாது என்றார். சொல் சொல்லை ஆள்வதில்லை, பேசுவோனே ஈற்றை அமைக்கிறான் என்பது அவர் நிலை. நீதிமன்றத்தில் இருந்தவர்க்கு, சொல்லாத சொல்லைச் சான்றாக ஏற்க மனம் வரவில்லை போலும்! நூல் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1947இல் கெய்ரோவில் ஷவ்கீ ளைஃப் அதனைப் பதிப்பித்தபோது, இலக்கணத்தை எளிமையாக்க விழைந்த எகிப்தியருக்கு அது புதுநூல் போலாயிற்று.

ஐரோப்பியர் தம் இலத்தீன் பயிற்சியோடு வந்து, இம்மூன்றையும் வினைப்பாங்குகள் எனக் கொண்டனர். 1859 முதல் வெளிவந்த வில்லியம் ரைட்டின் இலக்கணம் இவற்றை உரைக்கும் பாங்கு, சார்ந்து நிற்கும் பாங்கு, ஏவற் பாங்கு என்னும் பொருள்படப் பெயரிட்டு வழங்கியது. கற்பிக்க அது உதவும். ஆனால் மயக்கமும் தரும். 'லம் யக்துப்' என்றால் 'அவன் எழுதவில்லை' என்று பொருள். இறந்தகாலச் செய்தி, ஏவல் எதுவும் அதில் இல்லை. ஜஸ்மு என்னும் அரபுப் பெயருக்கு வெட்டு என்று பொருள். ஒற்றைக் குறில் வெட்டுண்டாலும், 'யக்துபூன' நகரத்தை இழந்தாலும், 'யர்மீ' என்பது 'லம் யர்மி' எனக் குறுகினாலும் அப்பெயர் பொருந்தும். பொருளைச் சொல்லாமல் ஒலியில் நேர்வதைச் சொன்ன பெயரே தொடக்க மாணவர்க்குத் துணையாகும் என்பது என் துணிபு.

அரபு நாட்டுப் பேச்சுவழக்குகளில் இவ்வீறுகள் மறைந்து பல நூற்றாண்டுகளாயின. கெய்ரோத் தெருவில் உகரமும் இல்லை, அகரமும் இல்லை. எனினும் அங்கே 'எழுதுகிறான்' என்பதற்கு 'பியிக்திப்' என்பர். 'எழுத விரும்புகிறான்' என்னும்போது பகரம் நீங்கி 'ஆயிஸ் யிக்திப்' என்பர். சொல்லின் கடையில் இழந்த வேறுபாட்டை மக்கள் அதன் தலையில் வைத்துக்கொண்டனர்.