பக்கவாதமும் தொடர்விக்கலும்: வியூசோவின் நோய்ப்பதிவு

முன்னுரை

48 மணி நேரத்திற்கும் மேலாக நீடிக்கும் விக்கலை மருத்துவத்துறை தொடர்விக்கல் என வகைப்படுத்துகிறது. பக்கவாதத்திலிருந்து மீள்வோரின் உணவு, உறக்கம், பேச்சு ஆகியவற்றை இது குலைத்து, அவர்தம் உடல்தேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. இத்துன்பம் குறித்த பழைய பதிவுகளுள் ஒன்று, நோயுற்ற மருத்துவர் ஒருவர் தம்மைப் பற்றி அளித்ததாகும்.

நோயாளியின் பதிவு

காஸ்பார் வியூசோ (1746–1814) ஜெனீவா நகர மருத்துவர். 1805ஆம் ஆண்டு அங்குப் பரவிய மூளையுறை அழற்சியை விவரித்தவர். பின்னர்த் தாமே நோயுற்றபோது தலைச்சுற்றல், முகத்தின் ஒருபக்க மரப்பு, எதிர்ப்பக்கக் கைகால்களில் வலியும் வெப்பமும் உணராமை, குரல் கம்மல், இமைத்தொய்வு ஆகியவற்றோடு விக்கலையும் குறிப்பிட்டார். காலையில் புகைபிடிக்கும் வழக்கத்தை மேற்கொண்டபின் விக்கல் நீங்கியதாகவும் தெரிவித்தார். அலெக்சாண்டர் மார்செ இந்நோய் வரலாற்றை 1811இல் இலண்டனில் வெளியிட்டார். புகைபிடித்தல் இன்று பரிந்துரைக்கத்தக்கதன்று. விக்கல் தானாகவே அடங்கியிருத்தலும் கூடும். ஆயினும், விக்கலைப் புறக்கணிக்காது நோயின் கூறாகவே அவர் பதிந்தமை குறிப்பிடத்தக்கது.

உடற்கூற்று விளக்கம்

1895இல் அடால்ஃப் வாலன்பெர்க், இத்தகைய குறிகளுடைய நோயாளி ஒருவரை ஆராய்ந்து, முகுளத்தின் பக்கப்பகுதியில் குருதியோட்டம் தடைப்பட்டுள்ளது எனக் கணித்தார். அந்நோயாளியின் பிணக்கூராய்வு முடிவு 1901இல் அதனை உறுதிசெய்தது. மூச்சையும் விழுங்குதலையும் ஒழுங்குபடுத்தும் நரம்பமைப்புகள் அப்பகுதியில் இருப்பதால், அங்கு நேரும் சிதைவு விக்கலைத் தூண்டவல்லது என இன்று விளக்கப்படுகிறது.

முடிவுரை

பிணக்கூராய்வு சிதைவின் இடத்தைக் காட்டவல்லது. விக்கலோடு கழிந்த நாள்களை அது காட்டாது. அவற்றை அறிய நோயாளியின் கூற்றே சான்றாகிறது. எனவே, மருத்துவ வரலாற்றாய்வில் இத்தகைய தன்பதிவுகளை உடற்கூற்றுச் சான்றுகளுக்கு இணையான மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும்.