படத்தில் தெரியும் எலும்பும் கையில் இருக்கும் நோவும்

1861இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் ஹோம்ஸ் கூட் என்ற அறுவை மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் கழுத்தடியில் தட்டுப்பட்ட எலும்புப் புடைப்பை வெட்டி எடுத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 34 ஆண்டுகள் இருந்தன. தடவிப் பார்ப்பதும், நாடி பிடிப்பதும், கையின் நோவை நோயாளி வாயால் கேட்பதும்தான் அன்றைக்கு இருந்த வழிகள். இன்று ஒரே படத்தில் அந்த எலும்பு வெள்ளையாகத் தெரிந்துவிடுகிறது. அதனால் நோயறிதல் எளிதாகிவிட்டதா என்றால், இல்லை. ஒரு வகையில் சிக்கலே கூடியது.

விலா எலும்புகள் மார்பு முள்ளெலும்புகளில் தொடங்குபவை. மிகச் சிலருக்கு, நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ, ஏழாம் கழுத்து முள்ளெலும்பிலிருந்தும் ஒன்று முளைத்திருக்கும். அதுதான் கழுத்து விலா. பெண்களிடம் இது சற்றுக் கூடுதல். 1869இல் க்ரூபர் இதை நான்கு வகைகளாகப் பிரித்தார். முள்ளெலும்பின் பக்க நீட்சியைச் சற்றே தாண்டி நிற்கும் முளை ஒரு முனை. முதல் விலாவின் குருத்தெலும்பைத் தொடும் முழு விலா மறுமுனை. இது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. இருமலுக்காக எடுத்த மார்புப் படத்தில் தற்செயலாகத் தெரியும், அவ்வளவுதான்.

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எலும்பு கண்ணுக்குத் தெரிந்ததும் கைநோவுக்கெல்லாம் அதுவே குற்றவாளி ஆயிற்று. எலும்பு இல்லாதபோது, பக்கத்திலிருக்கும் ஸ்கேலீன் தசைமீது பழி விழுந்தது. அந்தத் தசையை அறுத்துவிடும் சிகிச்சையை 1927இல் அமெரிக்காவின் ஆட்சனும் காஃபியும் முன்வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1947இல், ரஸ்ஸல் பிரெய்ன், ரைட், வில்கின்சன் மூவரும் ஆறே நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நரம்பு நசுங்கியிருந்த இடம் மணிக்கட்டு! கழுத்தைக் காரணம் காட்டி வந்த கைநோவுகளில் பெரும்பங்கு மணிக்கட்டுச் சுரங்க நோய் என்பது அதன் பிறகே பரவலாக உணரப்பட்டது.

அப்படியானால் இரண்டையும் பிரித்தறிவது எப்படி? கட்டைவிரலின் அடிச்சதை இரண்டிலும் மெலியலாம். அதை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். மணிக்கட்டில் நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். நள்ளிரவில் எழுந்து கையை உதறத் தோன்றும். கழுத்து விலா அழுத்துவது கைநரம்புப் பின்னலின் அடித்தண்டை. ஆகவே மரமரப்பு சுண்டுவிரல் பக்கத்திலும் முன்கையின் உட்புறத்திலும் இருக்கும். சதை மெலிவது ஒரு பக்கம், மரத்துப்போவது இன்னொரு பக்கம் என்ற இந்த முரணைத்தான் கில்லியட்டும் அவருடைய சகாக்களும் 1970இல் தெளிவாக விவரித்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை அதை எண்களாகக் காட்டித்தரும்.

ஆட்சன் பெயரால் வழங்கும் நாடிச் சோதனையோ அவ்வளவு நம்பகமானதல்ல. கழுத்தைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடித்தால் நோயே இல்லாத பலருக்கும் மணிக்கட்டு நாடி ஒடுங்கும். விரல்கள் குளிர்ந்து வெளுப்பது, நுனியில் புண் வருவது ஆகியவை வேறு கதை: விலா அழுத்திய தமனி வீங்கி, உள்ளே உறைந்த இரத்தம் கட்டியாகக் கீழே இறங்குவதன் அறிகுறிகள் அவை. அங்கே தாமதத்துக்கு இடமில்லை, டாப்ளரும் சி.டி. ஆஞ்சியோகிராமும் உடனே வேண்டும். காறையெலும்புக்கு மேல் கெட்டியாகத் தட்டுப்படுவதெல்லாம் விலாவும் அல்ல. அது நிணநீர்க் கட்டியாக இருக்கலாம். நுரையீரல் உச்சியில் வளரும் புற்றும் அதே சுண்டுவிரல் பக்கத்தில்தான் வலியைத் தரும். எனவே, படத்தில் விலாவைத் தேடும் கண் நுரையீரல் உச்சியையும் பார்த்தாக வேண்டும்.

நீளமான விலாதான் அதிகம் வலிக்கும் என்பதும் பிழையான கணக்கு. முழு விலா பெரும்பாலும் தமனிக்குத்தான் ஆபத்து. நரம்பை வருத்துவது பெரும்பாலும் குட்டை முளை. அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு ஒரு நார்ப்பட்டை இழுத்துக் கட்டியிருக்கும். நரம்பு அதன்மேல் ஏறி வளையும். எக்ஸ்ரேயில் இந்தப் பட்டை தெரியாது. எம்.ஆர்.ஐ.யிலும் சில சமயம் தப்பிவிடும். இரு பக்கமும் விலா உள்ள ஒருவருக்கு, படத்தில் பெரிதாகத் தெரியும் பக்கத்துக் கை நலமாக இருக்க, சிறிய முளை உள்ள பக்கத்துக் கை மெலிந்து வருவது இதனால்தான்.